ஆற்றுக் கப்பல் பயணம்: எந்த விசா, எத்தனை நுழைவு? வாசகர் கேள்வி பதில்

டான்யூப், ரைன், மீகாங், யாங்சி என்று வெளிநாட்டு ஆறுகளில் கப்பல் பயணம் போகத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். வேறு நாடு குறிப்பிடாத இடங்களில் பதில்கள் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கானவை. கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மே மாதம் புடாபெஸ்டிலிருந்து புக்காரெஸ்ட் வரை டான்யூப் ஆற்றில் 8 நாள் பயணம் பதிவு செய்திருக்கிறோம். ஏஜென்ட், "ஷெங்கன் சிங்கிள் என்ட்ரி போதும்" என்கிறார். நடுவில் செர்பியா வருகிறதே, அதற்குத் தனி விசா வேண்டாமா?
– வாசகர், கோவை

செர்பியாவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் சிங்கிள் என்ட்ரி, அதாவது ஒருமுறை மட்டும் நுழைய விடும் விசா, போதாது. (ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு.)

கப்பல் போகும் வழியைப் பாருங்கள். புடாபெஸ்டில் ஏறுகிறீர்கள். ஹங்கேரியின் தெற்கே மொஹாச், குரோஷியாவில் வூகோவார், பிறகு செர்பியாவில் நோவி சாத், பெல்கிரேட். கோலுபாட்ஸ் கோட்டையைத் தாண்டி 'இரும்பு வாயில்' மலையிடுக்கு. அப்புறம் பல்கேரியாவின் விடின், ரூசே. கடைசியில் ருமேனியாவின் ஜுர்ஜுவில் இறக்கி, பஸ்ஸில் புக்காரெஸ்ட் கூட்டிப்போவார்கள். இந்த ஐந்து நாடுகளில் செர்பியா மட்டுமே ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. குரோஷியா 2023 ஜனவரி 1-ல் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச் 31-ல் விமான, கடல் எல்லைகளிலும், 2025 ஜனவரி 1-ல் தரை எல்லைகளிலும் சேர்ந்துவிட்டன. ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் தனித்தனி விசா வாங்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. அவையெல்லாம் அதற்கு முந்தைய காலத்தவை.

செர்பியா 2023 ஜனவரி 1 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லா நுழைவை நிறுத்திவிட்டது. ஆனாலும் செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன் அல்லது அமெரிக்க விசா கையில் இருந்தால், அந்த விசா செர்பியாவில் தங்கும் நாள் முழுதும் செல்லுபடியாக இருக்கும்வரை, தனி விசா கேட்பதில்லை.

சிக்கல் எங்கே என்றால், கப்பல் செர்பியாவுக்குள் போகும்போது நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர் ஆகிறீர்கள். சிங்கிள் என்ட்ரி விசா அந்த நிமிடமே தீர்ந்துபோகிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஸ்டிக்கரில் இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கிறதே என்று சொல்லிப் பயனில்லை. விடினில் பல்கேரிய அதிகாரி உங்களை உள்ளே விட முடியாது. தீர்ந்துபோன விசாவைச் செல்லுபடியாகும் விசாவாக செர்பியா ஏற்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்க வேண்டிவரும். பெரும்பாலும் அதற்கு முன்பே, புடாபெஸ்டில் ஏறும்போதே கப்பல்காரர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்து மறுத்துவிடுவார்கள். ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருப்பதால் பணமும் திரும்பாது.

எனவே விண்ணப்பப் படிவத்தில் எத்தனை நுழைவு என்று கேட்கும் இடத்தில் இரண்டு அல்லது பலமுறை என்று குறியுங்கள். குறித்தால் மட்டும் போதாது, கவரிங் லெட்டரில் காரணத்தையும் எழுதுங்கள். 'இந்தத் தேதியில் கப்பல் ஷெங்கனை விட்டு செர்பியா செல்கிறது, இந்தத் தேதியில் விடினில் மீண்டும் ஷெங்கனுக்குள் வருகிறது' என்று இரண்டே வரி, பக்கத்தில் கப்பல் நிறுவனத்தின் நாள்வாரி அட்டவணை. ஃபைலைப் பார்க்கும் அதிகாரி டான்யூப் வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார மாட்டார். நீங்கள்தான் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் அங்கேயே நின்று ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே எந்த நாடுகளுக்குச் செல்லும் என்று இருக்கும். அதற்குக் கீழே தொடங்கும் தேதி, முடியும் தேதி. விசாவின் வகைக்குப் பக்கத்தில் 'நம்பர் ஆஃப் என்ட்ரீஸ்' என்ற கட்டம். அதில் 01 என்றால் ஒருமுறை, 02 என்றால் இருமுறை, 'மல்ட்' என்றால் பலமுறை. அதையடுத்து 'ட்யூரேஷன் ஆஃப் ஸ்டே' என்று தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கை. உங்களுக்கு 01 வந்திருந்தால் அன்றே தூதரகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, அட்டவணையை இணைத்து, மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பயணத்துக்கு மூன்று வாரமாவது இருந்தால் வழி பிறக்க வாய்ப்பு உண்டு. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று: 2024 ஏப்ரல் 18 முதல் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு ஒரு சலுகை வந்திருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது 2 ஆண்டு பலமுறை விசாவாகக் கிடைக்கலாம். அதற்கடுத்தது 5 ஆண்டு, பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால். பழைய விசாக்களின் நகல்களைத் தவறாமல் இணையுங்கள்.

புடாபெஸ்ட், பிராட்டிஸ்லாவா, வியன்னா, க்ரெம்ஸ், பாசாவ் என்று 7 இரவு கப்பல். இறங்கியதும் ப்ராகில் 3 இரவு. ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறிப் போகிறோம். எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, சென்னை

"விமானம் இறங்கும் நாட்டில்தான் கேட்கணும்" என்பது பாதி உண்மை. முதல் விதி, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாடு. நாட்கள் சமமாகி முக்கிய நாடு எது என்று தீர்மானிக்க முடியாமல் போனால்தான், ஷெங்கனின் வெளி எல்லையை எங்கே முதலில் கடக்கிறீர்களோ அந்த நாடு.

ஒரு தாளை எடுத்து இரவுகளை எண்ணுங்கள். கப்பல் அட்டவணையில் புடாபெஸ்டில் 2 இரவு, பிராட்டிஸ்லாவாவில் 1, வியன்னாவில் 2, க்ரெம்ஸில் 1, பாசாவில் 1 என்று வைத்துக்கொண்டால், ஹங்கேரி 2, ஸ்லோவாக்கியா 1, ஆஸ்திரியா 3, ஜெர்மனி 1. ப்ராகில் 3 இரவு என்பதால் செக் குடியரசும் 3. ஆஸ்திரியாவும் செக்கும் சமம். இப்போது வெளி எல்லை விதிக்குப் போனால், ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறும்போதே குடியேற்றச் சோதனை முடிந்துவிடுவதால், ஒரே ஒரு இரவு தங்கும் ஜெர்மனி பொறுப்பாகிறது! இப்படிப்பட்ட விண்ணப்பத்தை, 'நாங்கள் இல்லை, அவர்கள்' என்று திருப்பிவிடும் அபாயம் அதிகம். அப்பாயின்ட்மென்ட் போய்விடும், வாரங்களும் போய்விடும்.

தீர்வு சுலபம். சமநிலையை உடைத்துவிடுங்கள். ப்ராகை 2 இரவாகக் குறைத்தால் ஆஸ்திரியா முன்னிலை. 4 இரவாகக் கூட்டினால் செக். ஓட்டல் பதிவு செய்வதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். எந்த நாட்டுக்குச் சுலபமாக அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப ஓர் இரவைக் கூட்டுவது தவறில்லை, அங்கே உண்மையாகவே தங்கப்போகிறீர்கள் என்றால். தங்காத இடத்துக்கு ஓட்டல் போட்டு, விசா வந்ததும் ரத்து செய்யும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். விசாவை எல்லையிலேயே ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் அந்தக் கறை தெரியும்.

இரவெல்லாம் கப்பல் ஓடி, காலையில் வேறு நாட்டில் நிற்கும் நாட்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பலரும் குழம்புகிறார்கள். அன்றைய பகலில் எந்தத் துறையில் கரை இறங்குகிறீர்களோ அந்த நாட்டுக் கணக்கில் போடுங்கள். முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒரே முறையில் எண்ணுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கணக்கு மாறினால்தான் சந்தேகம் வருகிறது.

ஏஜென்ட் தரும் ரசீதில் '8 நாள் டான்யூப் பேக்கேஜ்' என்று மட்டும் இருந்தால் அதை வைத்து விண்ணப்பிக்காதீர்கள். பயணிகள் அத்தனை பேரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஏறும் துறை, இறங்கும் துறை, நாள்வாரித் துறைகள், கேபின் எண், பணம் கட்டியதற்கான குறிப்பு, இவை எல்லாம் உள்ள உறுதிக் கடிதத்தைக் கப்பல் நிறுவனத்தின் தாளில் கேட்டு வாங்குங்கள். கப்பல்தான் உங்களுக்கு ஓட்டல். தங்குமிட ஆதாரமாக இந்தக் கடிதத்தைத்தான் பார்ப்பார்கள். கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவுக்கும் இறங்கியபின் தங்கும் இரவுகளுக்கும் தனியாக ஓட்டல் பதிவு வேண்டும். ஒரு இரவு விட்டுப்போனாலும் 'எங்கே தங்குகிறீர்கள் என்று தெளிவில்லை' என்ற காரணத்தில் மாட்டிக்கொள்ளும்.

செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் – பாசல் ரைன் பயணம். எப்போது விண்ணப்பிக்கலாம்? மொத்தம் எவ்வளவு செலவாகும்?
– வாசகர், திருச்சி

முதலில் நல்ல செய்தி: நெதர்லாந்து, ஜெர்மனி, ஸ்ட்ராஸ்பர்க் வரும் பிரான்ஸ், பாசல் இருக்கும் சுவிட்சர்லாந்து எல்லாமே ஷெங்கன். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதை வைத்துத் தனி விசா என்று நினைக்க வேண்டாம். சிங்கிள் என்ட்ரி போதும்.

பயணம் தொடங்கும் நாளுக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல 15 நாள், கூடுதல் ஆய்வு வேண்டுமானால் 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. செப்டம்பர் பயணத்துக்கு ஏப்ரல், மே மாதத்தில் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இவை திரும்பாது. விரல் ரேகை ஒருமுறை கொடுத்தால் 59 மாதத்துக்குள் அடுத்த விண்ணப்பத்துக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் ரேகை கேட்பதில்லை.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்கணும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர், ஆறு மாதத்துக்குள் எடுத்தது.

இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் வயதானவர்கள் ஏமாறுகிறார்கள். விதிப்படி குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, அவசரச் சிகிச்சையும் தாயகம் திரும்பக் கொண்டுவரும் செலவும் சேர்த்து. இந்தக் குறைந்தபட்சத் தொகைக்கு மலிவாக ஒரு பாலிசி எடுத்து விசா வாங்கிவிடலாம். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் இருப்பவர்கள், ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் அவசரத்துக்கு பாலிசி பணம் தருமா என்பதைப் பார்த்து எடுங்கள். மருந்துச் சீட்டில் இருக்கும் நோயை விண்ணப்பத்தில் மறைத்தால் கேட்ட நேரத்தில் பணம் வராது. முதல் பதிலில் சொன்ன செர்பியா வழியாகப் போகிறவர்கள் 'ஷெங்கன் நாடுகள் மட்டும்' என்ற பாலிசி எடுக்காதீர்கள். பெல்கிரேடில் கால் இடறி விழுந்தால் அது உதவாது. ஐரோப்பா முழுவதற்கும் அல்லது உலகம் முழுவதற்கும் எடுங்கள்.

கோடையில் ரைன், டான்யூப் ஆறுகளில் தண்ணீர் குறைந்து கப்பல் நின்றுவிடும் என்கிறார்கள். அப்படி ஆனால் விசா நாள் போதாமல் போகுமா?
– வாசகர், ஈரோடு

நடப்பதுதான். ரைனில் கப்பல்காரர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் இடம் ஜெர்மனியின் கவுப் என்ற சிற்றூரின் நீர்மட்ட அளவுகோல். 2018 அக்டோபரில் அது 25 செ.மீ. வரை இறங்கியது. அந்த எண் ஆற்றின் ஆழம் அல்ல, அளவுகோலின் கணக்கு. கப்பல் ஓடும் வாய்க்காலில் அதைவிட ஆழம் இருக்கும். ஆனாலும் அந்த நிலையில் பெரிய கப்பல்கள் திண்டாடும். டான்யூபில் ஜெர்மனிக்குள் ஷ்ட்ராபிங்கிலிருந்து ஃபில்ஸ்ஹோஃபன் வரையுள்ள சுமார் 70 கி.மீ. தூரத்தில் தடுப்பணை எதுவும் இல்லாமல் ஆறு தன் போக்கில் ஓடுகிறது. அதனால் வறட்சியில் முதலில் சிக்கல் தருவது அந்தப் பகுதிதான். வெள்ளம் வந்தாலும் தொல்லை. பாலத்துக்கும் கப்பல் மேல்தளத்துக்கும் நடுவே இடம் போதாமல் போய்விடும்.

இப்படி நேர்ந்தால் கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி, தடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். திரும்பும் தேதி மாறுவது அரிது. ஆனால் விசாவில் இரண்டு எண்கள் தனித்தனி என்பதை நினைவில் வையுங்கள். சிங்கிள் என்ட்ரி விசாவில் முடியும் தேதிக்கு வழக்கமாக 15 நாள் சலுகை சேர்த்தே போடுவார்கள். 'ட்யூரேஷன் ஆஃப் ஸ்டே'யில் 12 என்று இருந்தால் அந்த இடைவெளிக்குள் எப்போது போனாலும் 12 நாள்தான் தங்கலாம். வந்த நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். இரவு 11 மணிக்கு ஆம்ஸ்டர்டாமில் இறங்கினாலும் அது முதல் நாள். எனவே விண்ணப்பத்தில் கப்பலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு இரவு ஓட்டலில் தங்குவதாகத் திட்டமிட்டு, உண்மையாகவே பதிவு செய்துகொள்ளுங்கள். பயண அலுப்பும் தீரும், கையில் நாளும் இருக்கும்.

உண்மையிலேயே கட்டுக்கு மீறிய காரணத்தால், வெள்ளமோ விமான வேலைநிறுத்தமோ மருத்துவமனைச் சேர்க்கையோ, நாள் தாண்டும் நிலை வந்தால், நீங்கள் இருக்கும் நாட்டின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசா நீட்டிப்பு கேட்கலாம். இந்தக் காரணத்துக்குக் கட்டணம் இல்லை. நாள் தீருவதற்கு முன்பே போக வேண்டும். தீர்ந்தபின் போனால் விதிமீறல்தான்.

ஹனாய் பார்த்துவிட்டு, விமானத்தில் கம்போடியாவின் சீம் ரீப் போய், அங்கோர் வாட் தரிசித்து, மீகாங் ஆற்றில் கப்பலேறி ஹோ சி மின் நகரம் வருகிறோம். வியட்நாம் ஈ-விசா நானே எடுக்கலாமா? எதில் கவனமாக இருக்கணும்?
– வாசகி, மதுரை

தாராளமாக நீங்களே எடுக்கலாம். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறைக்கு 50 டாலர். இந்தப் பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்பாது.

உங்கள் வழிக்கு 50 டாலர் விசாதான். ஹனாயில் ஒருமுறை நுழைகிறீர்கள். கம்போடியா போய்விட்டு ஆற்று வழியாக மறுபடி வியட்நாமுக்குள் வருகிறீர்கள். 25 டாலரை மிச்சம் பிடித்தால் கப்பல் எல்லையில் நிற்கும்போது வழி இருக்காது. விண்ணப்பத்தில் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் கேட்பார்கள். ஈ-விசா எல்லா எல்லைகளிலும் செல்லாது, பட்டியலில் உள்ளவற்றில் மட்டும்தான். மீகாங்கில் கப்பல் கடக்கும் எல்லை அந்தப் பட்டியலில் 'சோங் தியென்' என்ற பெயரில், ஆன் ஜியாங் மாகாணத்தில் இருக்கிறது. ஆனால் கப்பல்காரர்கள் அதை 'வின் சுவோங்' என்று ஊர் பெயரால் சொல்வார்கள். இரண்டும் ஒரே இடம். பெயர் பொருந்தவில்லையே என்று பலர் வேறு எல்லையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

தமிழர்களுக்கு அடுத்த சிக்கல் பெயர். நம் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக, முழுப் பெயரும் 'கிவன் நேம்' கட்டத்தில் இருப்பது சர்வசாதாரணம். சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும். வீட்டில் கூப்பிடுகிற மாதிரி, இனிஷியலோடு எழுதிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே மாதிரி எழுதுங்கள். இந்திய பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கமும். இலக்கத்தில் வரும் பூஜ்யத்தை 'ஓ' என்ற எழுத்தாக அடித்துவிட்டால் விசா வந்தும் செல்லாது. பிறந்த நாள், மாதம் இடம் மாறுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. வந்த விசாவைத் திறந்து ஓர் எழுத்து விடாமல் சரிபாருங்கள். தவறு இருந்தால் விமான நிறுவனம் சென்னையிலேயே ஏற்றாது.

அதிகாரபூர்வத் தளத்தின் முகவரி வியட்நாம் அரசின் 'ஜிஓவி.விஎன்' என்ற பின்னொட்டில் முடியும். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்கும் தனியார் தளங்கள். மூன்று வேலை நாள் என்று சொல்வார்கள். ஆனால் 'தெத்' என்ற அவர்களின் புத்தாண்டு விடுமுறை சமயத்தில் நகராது. மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

கம்போடியாவுக்கு சீம் ரீப் விமான நிலையத்தில் இறங்கியதும் விசா வாங்கலாம், சுற்றுலாவுக்கு 30 டாலர். ஒரு புகைப்படம், ஒரு வெற்றுப் பக்கம். கிழிந்த, மை பட்ட, மடிப்பில் நைந்த டாலர் நோட்டை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள். வங்கியிலோ பணமாற்று கடையிலோ நோட்டு ஒவ்வொன்றையும் பார்த்து வாங்குங்கள். எதிர்த் திசையில், அதாவது வியட்நாமிலிருந்து கப்பலில் கம்போடியா போகிறவர்கள் முன்கூட்டி கம்போடிய ஈ-விசா எடுப்பதற்கு முன்னால், கப்பல் கடக்கும் ஆற்று எல்லை அந்த ஈ-விசா செல்லும் பட்டியலில் இருக்கிறதா என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கப்பல் ஊழியர்களே எல்லையில் எல்லோருக்குமாகச் சேர்த்து விசா எடுத்துத் தருவார்கள்.

நான் மலேசிய பாஸ்போர்ட். இதே மீகாங் பயணத்துக்கும் அடுத்த ஆண்டு ரைன் பயணத்துக்கும் விசா வேண்டுமா? என் மாப்பிள்ளை சிங்கப்பூரில் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை), ஆனால் இந்திய பாஸ்போர்ட்.
– வாசகர், பினாங்கு

உங்களுக்கு வேண்டாம். வியட்நாமிலும் கம்போடியாவிலும் 30 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம். ஷெங்கனில் எந்த 180 நாளிலும் 90 நாள். எல்லையில் முகப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள். 2025 அக்டோபர் 12-ல் தொடங்கி, படிப்படியாக பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாக வந்திருக்கும் கணினிப் பதிவு அது. இதற்குமேல் 'எட்டியாஸ்' என்ற முன் அனுமதியும் வர இருக்கிறது. அது விசா தேவையில்லாத நாட்டவருக்கானது. கிளம்புமுன் அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

மாப்பிள்ளையின் நிலை வேறு. விசா பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான், பிஆரைப் பார்த்து அல்ல. அவருக்கு ஷெங்கன் விசாவும் வியட்நாம் ஈ-விசாவும் வேண்டும். ஷெங்கனுக்கு சிங்கப்பூரிலிருந்தே விண்ணப்பிக்கலாம், சட்டப்படி அங்கே வசிப்பதால்.

மகன் அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறான். நாங்கள் இங்கிருந்தும் அவன் அங்கிருந்தும் வந்து வியன்னாவில் கப்பலேறுகிறோம். செலவு அவனுடையது. யார் எங்கே விண்ணப்பிப்பது, என்ன ஆவணம் வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

அவரவர் வசிக்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். அவர் அமெரிக்காவில், நீங்கள் இங்கே, இருவரும் ஒரே நாட்டுத் தூதரகத்துக்கு, ஒரே அட்டவணையோடு. மகன் பணம் கட்டுவதாக ஒரு கடிதம், அவருடைய சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, உங்கள் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட் நகல். உங்கள் பெயரிலும் குறைந்தது மூன்று மாத வங்கி அறிக்கை, பென்ஷன் ஆவணம், வீட்டு வரி ரசீது வையுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

மகனிடம் ஒன்றை இன்றைக்கே கேளுங்கள். அவர் பாஸ்போர்ட்டில் இருக்கும் எச்-1பி விசா முத்திரை இன்னும் செல்லுபடியா? பலருக்கு வேலை அனுமதிக் காகிதம் நீட்டிக்கப்பட்டிருக்கும், ஆனால் முத்திரை தேதி முடிந்திருக்கும். கனடா, மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய்வர ஒரு விலக்கு உண்டு. ஐரோப்பாவுக்கு அது கிடையாது. முத்திரை முடிந்த நிலையில் வியன்னா வந்தால், புது முத்திரை இல்லாமல் அமெரிக்கா திரும்ப முடியாது.

ஷெங்கன் விசா இருந்தால் லண்டன் ஹீத்ரோவில் விமானம் மாறிப் போகலாம்தானே?
– வாசகர், காரைக்குடி

இந்திய பாஸ்போர்ட்டுக்கு முடியாது. குடியேற்றச் சோதனையைக் கடந்து வெளியே வராமல் விமானம் மட்டும் மாறினாலும் பிரிட்டனின் டிரான்சிட் விசா வேண்டும். குறுகிய கால ஷெங்கன் விசா அதற்கு விலக்கு தராது. செல்லுபடியாகும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா அல்லது நியூசிலாந்து விசா இருந்தால் விலக்கு உண்டு. தனித்தனி டிக்கெட் எடுத்து, லண்டனில் பெட்டியை வாங்கி மறுபடி கொடுக்க வேண்டியிருந்தால், எல்லைக்கு வெளியே வர அனுமதிக்கும் வேறு வகை விசா தேவை. டிக்கெட் மலிவு என்று லண்டன் வழி எடுக்குமுன் இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். துபாய், தோஹா வழியாக, சோதனைக்கு உள்ளேயே விமானம் மாறுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஹாங்காங் மூன்று நாள், பிறகு சோங்சிங் போய் யாங்சியில் யிசாங் வரை கப்பல், ஷாங்காய், மறுபடி ஹாங்காங். சீன விசா ஒன்று போதுமா?
– வாசகர், சேலம்

உங்கள் வரிசைக்கு ஒருமுறை நுழைவுள்ள சீன விசா போதும், ஏனென்றால் பெருநிலச் சீனாவுக்குள் ஒருமுறைதான் நுழைகிறீர்கள். கப்பல் ஓடும் பகுதி முழுவதும் சீனாவுக்குள்தான். ஆனால் ஹாங்காங்கை நடுவில் வைத்தால், அதாவது ஷாங்காய், ஹாங்காங், சோங்சிங் என்று மாற்றினால், இருமுறை நுழைவு வேண்டும். ஹாங்காங் போவது சீனாவை விட்டு வெளியேறுவதாகவே கணக்கு. ஹாங்காங்குக்கு இந்தியர்கள் விமானம் ஏறும் முன் இணையத்தில் முன்பதிவு அனுமதி எடுத்து, அதை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதில் 14 நாள் வரை தங்கலாம்.

கப்பலில் ஏறியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே! கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

கொடுக்கலாம். வழக்கம்தான். ஆற்றுக் கப்பல் எல்லைத் துறைக்கு நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வரும். அதிகாரிகள் கப்பலுக்குள் ஏறி, ரிசப்ஷனில் கேபின் எண் வாரியாக அடுக்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்து முடித்துவிட்டால் உங்களை எழுப்ப மாட்டார்கள். முகம் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரையும் லவுஞ்சுக்கு வரச் சொல்லி அறிவிப்பார்கள். செர்பியா எல்லையில் இப்படிக் கூப்பிட வாய்ப்பு அதிகம். விசா உள்ளவர்களின் விரல் ரேகை விண்ணப்பத்தின்போதே பதிவாகியிருப்பதால், ஷெங்கன் எல்லையில் புதிய கணினிப் பதிவுக்கு முகப்படம் எடுப்பார்கள். அதற்கு நீங்களே நேரில் நிற்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் புகைப்படப் பக்கத்தையும் விசா பக்கத்தையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள். போனிலும் படம் இருக்கட்டும். ஊர் சுற்ற இறங்கும்போது கப்பலில் தரும் அட்டையும் இந்த நகலும் கூட இருக்கணும். வழியில் ஒரு நாள் கப்பலை விட்டுத் தனியாக ரயிலில் வேறு நாடு போகிற திட்டம் இருந்தால், முந்தின இரவே ரிசப்ஷனில் சொல்லி அசல் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாள் இறங்கும்போது உங்களுடையதையும் கூட வந்தவர்களுடையதையும் அங்கேயே திறந்து, முகத்தைப் பார்த்து வாங்குங்கள். நூற்றைம்பது பேர் பெட்டியோடு வரிசையில் நிற்கும் காலையில் கேபின் எண் மாறி இன்னொருவர் பாஸ்போர்ட் கைக்கு வந்தால், அது தெரியவருவது விமான நிலையத்தில்தான்.